ஈரமும் வறட்சியும்: மதுரைச் சமவெளியில் பூஞ்சைகள் செய்யும் சேதம்

மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையாக ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடுகிறது. ஆண்டின் பெரும்பகுதி வெயிலில் காயும் இந்தச் சமவெளியில் பூஞ்சை ஒரு பெரிய தொல்லையாக இருக்க முடியாது என்றும், அது மலைத் தோட்டங்களுக்கும் மேற்குக் கரைக்கும் உரிய நோய் என்றும் ஓர் எண்ணம் பரவலாக உண்டு. பெரியாறு–வைகைப் பாசனத்தில் விளையும் நெல், சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்கால், திருமங்கலம் பக்கத்துக் கரிசல் நிலத்துப் பருத்தி, வீட்டுக் கதவு நிலை, மதுரைத் தமிழ்ச் சங்கத்து ஓலைச்சுவடி என ஒவ்வொன்றாக எடுத்து இழப்பைப் பார்க்கும்போது அந்த எண்ணம் நிற்பதில்லை. இப்பகுதியில் பூஞ்சையின் சேதத்தைத் தீர்மானிப்பது ஈரத்தின் மொத்த அளவைவிட, அது எந்த வேளையில் வருகிறது, எத்தனை மணி நேரம் தங்குகிறது என்பதே; ஈரம் எதிர்பாராமல் அற்றுப்போவதும் சில பூஞ்சைகளுக்கு வாய்ப்பாக அமைகிறது என்பதைப் பயிர்களும் பொருள்களும் ஒருசேரக் காட்டுகின்றன.

பூஞ்சை தாவரமும் ஆகாது, விலங்கும் ஆகாது. பச்சையம் இல்லாததால் அதற்குத் தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ள வழியில்லை. வாயும் வயிறும் இல்லாததால் உணவை விழுங்கவும் வழியில்லை. அதன் உடல், மயிரிழையினும் மெல்லிய குழல்களால் ஆன இழைப்பின்னல். இழையின் நுனி உணவுக்குள் புகுந்து நொதிகளை, அதாவது பெரிய மூலக்கூறுகளை வெட்டிச் சிறிதாக்கும் புரதங்களை, வெளியே சுரந்து, வெளியிலேயே செரித்து, கரைந்த சர்க்கரையையும் அமினோ அமிலங்களையும் உறிஞ்சிக்கொள்கிறது. செரிமானம் உடலுக்கு வெளியே நடப்பதால்தான் அதற்குத் தண்ணீர் இன்றியமையாதது: நொதி பரவவும் கரைந்த உணவு திரும்பி வரவும் ஒரு நீர்ப்படலம் வேண்டும். உயிருள்ள செல்லைக் கொல்லாமல் அதனுள் ஊட்டம் தேடுபவை, முதலில் நஞ்சைச் செலுத்திக் கொன்று பிறகு உண்பவை, செத்த பொருளை மட்டுமே மக்கச் செய்பவை என்று பூஞ்சைகளைப் பிரிப்பது வழக்கம். ஆயினும் ஒரே பூஞ்சை தன் வாழ்நாளில் இரண்டு வேடம் போடுவதும் உண்டு. இந்தியாவில் இத்துறைக்கு அடித்தளமிட்டவர் பூசாவில் அரசுப் பூஞ்சையியலாளராக இருந்த எட்வின் ஜான் பட்லர். பூஞ்சைகளையும் பயிர் நோய்களையும் பற்றி 1918-இல் அவர் வெளியிட்ட நூல் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடமாக இருந்தது.

மதுரைப் பகுதிக்கு முதன்மையான எடுத்துக்காட்டு நெல்லின் குலை நோய். இதை உண்டாக்கும் பைரிகுலேரியா ஒரைசே என்னும் பூஞ்சையின் வித்து, அதாவது காற்றில் பரவும் அதன் நுண்ணிய இனப்பெருக்கத் துகள், தோகையின்மேல் விழுந்ததும் ஒரு பசையால் ஒட்டிக்கொள்கிறது. பனித்துளி இருந்தால் சில மணி நேரத்தில் முளைத்து, குட்டையான ஒரு குழலை நீட்டி, அதன் நுனியில் கவிகை வடிவில் ஓர் அழுத்து உறுப்பை அமைக்கிறது. அந்த உறுப்பின் சுவரில் மெலனின் என்னும் கருநிறப் பொருள் படிகிறது. உள்ளே கிளிசரால் சேர்கிறது. மெலனின் கிளிசராலை வெளியே விடாமல் தண்ணீரை மட்டும் உள்ளே விடுவதால் உறுப்புக்குள் அழுத்தம் ஏறிக்கொண்டே போய், வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 80 மடங்கை எட்டுகிறது. அந்த விசையால் ஒரு கூரிய முளை இலையின் மேல்தோலைக் குத்தித் துளைத்து உள்ளே இறங்குகிறது. விடியும் முன் பனி உலர்ந்துவிட்டால் பெரும்பாலான வித்துகள் பாதி வேலையிலேயே மடிகின்றன. காலை ஒன்பது மணி வரை தோகை நனைந்திருந்தால் வேலை முடிந்துவிடுகிறது. ஒரு வாரத்திற்குள் இலையில் இரு முனையும் கூர்ந்த கண் வடிவப் புள்ளி தோன்றும். அதன் ஓரம் பழுப்பாகவும் நடு சாம்பல் நிறமாகவும் இருக்கும். அந்தச் சாம்பல் நடுப்பகுதியிலிருந்து ஒவ்வோர் இரவும் ஆயிரக்கணக்கான வித்துகள் புறப்படும்.

மதுரைக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பேரணையிலிருந்து கள்ளந்திரி வரையுள்ள சுமார் 45,000 ஏக்கர் இருபோகப் பாசனப் பகுதி. அதற்கு அப்பால் மேலூர் வரை நீளும் பகுதி ஒருபோகம். பெரியாறு, வைகை அணைகளில் நீர் இருப்பைப் பொறுத்து ஒருபோகப் பகுதிக்குத் தண்ணீர் திறக்கும் நாள் ஆண்டுக்கு ஆண்டு தள்ளிப்போகிறது. புரட்டாசியில் நட வேண்டிய பயிரை ஐப்பசியில் நட்டால், கதிர் வெளிவரும் பருவம் மார்கழி, தைப் பனியில் வந்து விழுகிறது. இரவு வெப்பம் 20 பாகை செல்சியஸை ஒட்டி இறங்கி, பனி வெகுநேரம் தங்கும் அந்த மாதங்களே குலை நோய்க்கு ஏற்ற காலம். அப்போது நோய் இலையோடு நிற்காமல் கதிரின் கழுத்தில் பற்றுகிறது. கழுத்துக் கணு கறுத்துச் சுருங்கி, மணிக்குப் பால் ஏறும் வழி அடைபட்டு, கதிர் வெளுத்துப் பதராகிவிடுகிறது. இலையில் பத்துப் புள்ளி விழுந்த பயிர் தேறிவிடலாம், கழுத்தில் ஒரு புள்ளி விழுந்த கதிர் தேறாது. தழைச்சத்து மிகுந்த பயிரின் தோகை மென்மையாகவும் அடர்த்தியாகவும் வளர்ந்து ஈரத்தைத் தக்கவைப்பதால், தண்ணீர் பிந்திய ஆண்டில் பயிரை விரட்டி வளர்க்க யூரியாவைக் கூட்டுவது நோயை அழைத்து வருவதாகவே முடிகிறது. இந்த நோய்க்கென்று பரவலாகத் தெளிக்கப்படும் டிரைசைக்ளசோல் மருந்து பூஞ்சையை நேரடியாகக் கொல்வதில்லை. மெலனின் உருவாவதை மட்டும் தடுக்கிறது. மெலனின் இல்லாத உறுப்பில் அழுத்தம் ஏறுவதில்லை, அழுத்தம் ஏறாத பூஞ்சை தோலைத் துளைப்பதில்லை. நோய் உள்ளே இறங்கிய பின் தெளிப்பதால் பெரும்பயன் இல்லை என்பது இதிலிருந்தே விளங்கும். ஆனால் வயலில் பெரும்பாலும் புள்ளி கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் தெளிப்பான் தோளில் ஏறுகிறது.

எதிர்ப்புத் திறனுள்ள இரகமே இதற்கு மலிவான விடை என்றாலும் அது நிலையான விடையாக இருந்ததில்லை. கோயம்புத்தூரில் உருவான கோ 39 இரகம் குலை நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது. அந்தக் குறையே அதற்கு உலகப் பெயர் வாங்கித் தந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் எதிர்ப்பு மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துச் சோதிப்பதற்கு அடிப்படை இரகமாக இதைத் தேர்ந்தனர். ஒரே மரபணுவை நம்பி வெளியிட்ட இரகங்கள் சில ஆண்டுகளில் தோற்பதற்குக் காரணம், பூஞ்சை தன் புரதங்களில் ஒன்றை மாற்றிக்கொண்டாலே அந்த மரபணுவின் காவல் பயனற்றுப்போவதுதான்.

நெல்லில் இன்னும் இரண்டு நோய்களுக்குத் தமிழ் மண்ணோடு வரலாற்றுத் தொடர்பு உண்டு. மணிக்குப் பதிலாக மஞ்சளும் பச்சையுமாகப் பொடி பூத்த உருண்டை உருவாகும் நெற்பழ நோயை மொர்டெகாய் கியூபிட் குக் 1878-இல் முதன்முதலாக விவரித்தது திருநெல்வேலியிலிருந்து வந்த மாதிரியைக் கொண்டுதான். நல்ல மழையும் நல்ல விளைச்சலும் உள்ள ஆண்டிலேயே இது மிகுதியாகத் தோன்றுவதால் உழவர்கள் இதை லட்சுமி நோய் என்றழைத்து, வந்தால் மகிழவும் செய்தனர். உயர்விளைச்சல் இரகங்களும் கூடுதல் உரமும் பரவிய பின் கதிருக்கு ஒன்றிரண்டாக இருந்த உருண்டைகள் பெருகவே, லட்சுமியின் வரவை யாரும் இப்போது விரும்புவதில்லை. மற்றொன்று செம்புள்ளி நோய். சென்னை மாகாணத்தில் இதை 1919-இல் சுந்தரராமன் பதிவுசெய்தார். 1943-ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்தோடு இதன் பெயர் இணைந்தது. 1942-இல் வங்காள நெல்லை இந்நோய் அழித்ததே பஞ்சத்துக்கு முதற்காரணம் என்று எஸ். ஒய். பத்மநாபன் 1973-இல் எழுதினார். உணவின் அளவு அப்படியொன்றும் சரியவில்லை, அதை வாங்கும் ஆற்றலை உழைப்பாளிகள் இழந்ததே காரணம் என்று அமர்த்திய சென் வாதிட்டார். பயிர் நோய்ப் பாடநூல்கள் முதல் கருத்தை மட்டும் சொல்லிவிட்டு நகர்வது சரியன்று. போர்க்கால விலையேற்றத்தையும் ஆட்சியின் அலட்சியத்தையும் ஒரு பூஞ்சையின் தலையில் கட்டுவது, பூஞ்சையியலுக்குப் பெருமை தேடித் தரலாமே தவிர வரலாற்றுக்கு நியாயம் செய்யாது.

பூஞ்சை உண்மையாகவே மக்களின் தலையெழுத்தை மாற்றியதற்கு இலங்கை சாட்சி. ஹெமிலியா வாஸ்டேட்ரிக்ஸ் என்னும் துரு நோய்ப் பூஞ்சை 1869-இல் அங்குக் காப்பித் தோட்டங்களில் கண்டறியப்பட்டது. இலையின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் பொடியாகத் தோன்றி, இலை உதிர்த்து, சுமார் இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலையே சாய்த்தது. மார்ஷல் வார்டு 1880 முதல் அங்குத் தங்கி அதன் வாழ்க்கைச் சுற்றை ஆராய்ந்து, வித்துகள் காற்றில் பரவுவதையும் ஈரத்தில் முளைப்பதையும் காட்டினார். ஆனால் அதற்குள் காலம் கடந்திருந்தது. காப்பிக்குப் பறிப்புக் காலத்தில் மட்டும் கூடுதல் ஆள் தேவைப்பட்டதால், மதுரை, இராமநாதபுரம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளிலிருந்து போன தொழிலாளர்களில் பெரும்பாலோர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். காப்பியின் இடத்தைப் பிடித்த தேயிலைக்கோ ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க ஆள் வேண்டும். ஆகவே குடும்பங்கள் லயன் எனப்படும் வரிசை வீடுகளில் நிலையாகத் தங்க நேர்ந்தது. மலையகத் தமிழர் என்னும் சமூகம் உருவானதில் தோட்ட முதலாளிகளின் கணக்கோடு இந்தத் துருப் பூஞ்சைக்கும் பங்குண்டு.

விதையால் வளராமல் கரணையாலும் கன்றாலும் பெருக்கப்படும் பயிர்களில் பூஞ்சை பயணம் செய்யும் வழி வேறு. கரும்பின் செவ்வழுகல் நோயைச் சென்னை மாகாணத்தின் கோதாவரி வடிநிலத்தில் 1901-இல் ஆராய்ந்தவர் சார்லஸ் ஆல்பிரட் பார்பர். அவரே 1912-இல் தொடங்கப்பட்ட கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் முதல் வல்லுநர். நோயுற்ற கரும்பை நீளவாக்கில் பிளந்தால் உட்சதை செந்நிறமாகவும், அதில் குறுக்கே வெள்ளைத் திட்டுகளாகவும், புளித்த கள்ளின் வாடையோடும் இருக்கும். பிளக்கும் முன் வெளியில் அடையாளம் மிகக் குறைவு. ஆகவே கண்ணுக்கு நல்லதாகத் தெரியும் கரணையே அலங்காநல்லூர் வட்டாரத்திலிருந்து அடுத்த வட்டாரத்திற்கு நோயைச் சுமந்து செல்லக்கூடும். வாழையின் வாடல் நோயும் இவ்வாறே கிழங்கு ஒட்டிய கன்றில் பயணிக்கிறது. பியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் பூஞ்சை வேர்வழி நுழைந்து நீர்க்குழாய்களை அடைத்துக்கொள்வதால் மரம் தண்ணீரில் நின்றபடியே வாடுகிறது; தண்டை வெட்டினால் செம்பழுப்புக் கோடுகள் தெரியும். இரஸ்தாளி இதற்கு எளிதில் இரையாவதால், தமிழ்நாட்டில் பல ஊர்களில் அந்த இரகத்தின் பரப்பே சுருங்கிவிட்டது. இதன் தடித்த சுவருள்ள ஓய்வு வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடப்பதால் தோட்டத்தை மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று தோன்றும். ஆயினும் நெல்லைப் பயிர் சுழற்சியில் சேர்த்து வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தினால் காற்றின்றி இப்பூஞ்சையின் எண்ணிக்கை குறைகிறது. குலை நோய் பற்றும் அதே நஞ்சை நிலம், வாடல் நோய்க்கு மருந்தாகும் முரண் இது. கேவண்டிஷ் வாழையையும் தாக்கும் வெப்பமண்டல நான்காம் இனம் பீகாரில் கண்டறியப்பட்ட பின், கம்பம் பள்ளத்தாக்கின் ஏற்றுமதித் தோட்டங்களுக்குக் கன்றும் மண்ணும் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி முன்னைவிடக் கூர்மையாகியிருக்கிறது. வாடல் எவ்வாறு நிகழ்கிறது என்ற ஆய்வில் சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வகத்திற்குத் தனியிடம் உண்டு. டி. எஸ். சதாசிவன் தலைமையில் 1950-களில் நடந்த பருத்தி வாடல் ஆய்வுகளில், பூஞ்சை சுரக்கும் பியூசேரிக் அமிலம் நோயுற்ற செடிக்குள்ளேயே இருப்பது காட்டப்பட்டது. சோதனைக் குடுவையில் மட்டும் தோன்றும் நஞ்சுக்கும் செடிக்குள் உண்மையில் வேலைசெய்யும் நஞ்சுக்கும் வேறுபாடு காண அது வழிசெய்தது.

சோழவந்தான் வெற்றிலைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்குள்ள கொடிக்கால்களின் பெரும்பகை அடியழுகல் நோய். இதை உண்டாக்கும் பைட்டாப்தோரா நீண்ட காலம் பூஞ்சை என்றே கருதப்பட்டது. இன்றைய வகைப்பாட்டின்படி அது பூஞ்சை ஆகாது, பழுப்புப் பாசிகளுக்கு உறவான நீர்ப்பூஞ்சை வகை. பெயரளவில் தோன்றும் இந்த வேறுபாட்டுக்கு வயலில் விலை உண்டு: உண்மைப் பூஞ்சையின் சவ்விலுள்ள எர்கோஸ்டிரால் என்னும் பொருளைக் குறிவைத்துச் செய்யப்பட்ட மருந்துகள் இதனிடம் பலிக்காது, ஏனென்றால் அந்தப் பொருளை இது ஆக்குவதேயில்லை. இதன் வித்துகளுக்கு இரு கசையிழைகள் உண்டு. அவற்றால் மண்ணிடுக்கு நீரில் நீந்தி வேரைத் தேடிச் செல்லும். அகத்தி நிழலில், ஓயாமல் நீர் பாயும் வாய்க்கால் கரையில் வளரும் கொடிக்கு இதைவிட ஆபத்தான எதிரி இல்லை. ஐப்பசி தொடங்கிக் கொடியின் அடியில் போர்டோக் கலவை ஊற்றுவது பழைய முறை. பிரான்சில் திராட்சையின் அடிச்சாம்பல் நோய்க்காக மில்லார்டே 1885-இல் வெளியிட்ட இக்கலவை, கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கும் இன்றுவரை தெளிக்கப்படுகிறது. ஒரு விழுக்காட்டுக் கலவைக்கு ஒரு கிலோ மயில்துத்தத்தையும் ஒரு கிலோ சுண்ணாம்பையும் தனித்தனியே கரைத்து 100 லிட்டராக்குவர். பளபளப்பான அரிவாளின் நுனியைச் சிறிது நேரம் அதில் அமிழ்த்தி எடுக்கும்போது செம்பு படிந்து சிவந்தால் சுண்ணாம்பு போதவில்லை, தெளித்தால் இலை கருகும் என்று பொருள். நல்ல சோதனைதான், ஆனால் வெற்றிலை அப்படியே வாயில் போட்டு மெல்லப்படும் இலை, இரண்டு மூன்று வாரத்திற்கு ஒருமுறை கிள்ளப்படுவது. எந்த மருந்தையும் இலைமேல் தெளித்துவிட்டுக் காத்திருக்கும் வசதி கொடிக்காலுக்கு இல்லை என்பதால், வடிகாலைச் சீர்செய்வதே முதல் வேலையாக வேண்டும்.

இதுவரை சொன்னவை எல்லாம் ஈரத்தின் பக்கம். திருமங்கலம், பேரையூர், உசிலம்பட்டி வட்டாரங்களின் மானாவாரி நிலங்களில் கதை தலைகீழாகிறது. மேக்ரோபோமினா பேசியோலினா என்னும் பூஞ்சை பருத்தி, எள், உளுந்து, சோளம் ஆகியவற்றின் வேரையும் அடித்தண்டையும் அழுகச் செய்கிறது. மழை நின்று, மண் காய்ந்து, வெப்பம் 30 பாகையைத் தாண்டி, செடி தவிக்கும் வேளையில்தான் இது பாய்கிறது. செடியைப் பிடுங்கினால் வேரின் பட்டை நார்நாராக உரியும். உரிந்த இடத்தில் கரித்தூள் தூவியதுபோல் நுண்ணிய கறுப்புமணிகள் இருக்கும். இழை இறுகி உருவான இம்மணிகள் அடுத்த பருவம் வரை மண்ணில் காத்திருப்பவை. நீர் கிடைத்த செடி தன் தற்காப்புப் பொருள்களை ஆக்கி இதை அடக்கிவைக்கும். நீர் கிடைக்காத செடியால் அது முடிவதில்லை. மல்லிகைத் தோட்டங்களில் செடியின் கழுத்தை அழிக்கும் ஸ்கிளிரோசியம் ரோல்ப்சியும் இவ்வாறே கடுகளவு மணிகளாக மண்ணில் தங்குகிறது. ஆனால் அதற்கு ஈரமும் மக்காத குப்பையும் வேண்டும்.

வறட்சியின் பக்கத்தில் மிகக் கொடியது நிலக்கடலையைப் பற்றும் ஆஸ்பர்ஜில்லஸ் பிளேவஸ். அறுவடைக்கு முந்தைய நான்கு முதல் ஆறு வாரங்களில் மழை பொய்த்து மண் சூடேறினால், காய்க்குள்ளிருக்கும் பருப்பு ஈரமிழந்து, பூஞ்சையை எதிர்க்கும் தன் வேதிப்பொருளை ஆக்க முடியாமல் போகிறது. அப்போது காய் மண்ணுக்குள் இருக்கும்போதே இப்பூஞ்சை நுழைந்து அஃப்லடாக்சின் என்னும் நஞ்சைச் சேர்த்துவிடுகிறது. இங்கிலாந்தில் 1960-இல் சுமார் ஒரு லட்சம் வான்கோழிகள் மடிந்தபோதுதான், அவற்றுக்குத் தீனியான கடலைப் பிண்ணாக்கிலிருந்து இந்த நஞ்சு அடையாளம் காணப்பட்டது. இந்தியாவில் 1974-இல் இராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடிக் கிராமங்களில் மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை உண்டவர்களில் நூறு பேருக்கு மேல் ஈரல் கெட்டு இறந்தனர். நிலத்தில் வறட்சியில் புகுந்த பூஞ்சை, களத்தில் ஈரம் பட்டதும் பெருகும் என்பதால் வறட்சியும் மழையும் இங்கு ஒன்றுக்கொன்று துணையாகிவிடுகின்றன. நஞ்சு வெப்பத்தில் எளிதில் சிதைவதில்லை. வறுத்தாலும் பெரும்பகுதி தங்கும். பிண்ணாக்காக மாட்டுக்குப் போனால் வேறு வடிவில் பாலில் வரும். இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் 2018-இல் நாடு முழுவதும் எடுத்த 6,432 பால் மாதிரிகளில் இந்த நஞ்சு வரம்பை மீறியவை மிகுதியாக இருந்த மாநிலம் தமிழ்நாடு: 551 மாதிரிகளில் 88. பாலில் தண்ணீர் கலப்பதைப் பற்றிப் பேசப்படும் அளவுக்குத் தீவனத்தின் பூஞ்சையைப் பற்றிப் பேசப்படுவதில்லை.

உயிருள்ள மரத்திலிருந்து அறுத்த மரத்திற்கு நகரும்போது எல்லைக் கோட்டில் நிற்பது தென்னையின் அடித்தண்டழுகல். 1952-ஆம் ஆண்டுப் புயலுக்குப் பின் தஞ்சாவூர்ப் பகுதியில் பெருகியதால் தஞ்சாவூர் வாடல் என்று பெயர் பெற்ற இந்நோயை உண்டாக்கும் கானோடெர்மா, மரம் நிற்கும்போதே அதன் கட்டையை மக்கச் செய்யும். அடித்தண்டில் செம்பழுப்புச் சாறு கசியத் தொடங்கும்போது உள்ளே பாதி போயிருக்கும். மரத்தின் செல்லுலோஸ் இழைகளை லிக்னின் என்னும் கெட்டிப்பொருள் சூழ்ந்து காக்கிறது. கானோடெர்மா போன்ற வெள்ளையழுகல் பூஞ்சைகள் அந்த லிக்னினையே சிதைக்க வல்லவை. அதற்கான நொதி 1983-இல்தான் கண்டறியப்பட்டது. பழுப்பழுகல் பூஞ்சைகளோ லிக்னினைப் பெரும்பாலும் விட்டுவிட்டு, இரும்பையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் கொண்டு செல்லுலோஸை உடைப்பதால், மிஞ்சும் மரம் பழுப்பேறிக் கட்டங்கட்டமாக வெடித்து, விரலால் அழுத்தினால் பொடியாகும். இரண்டுக்கும் பொதுவான வரம்பு ஒன்றுண்டு: மரத்தின் ஈரம் எடையில் 20 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் மரம் மக்குவதில்லை. மதுரை வீடுகளில் உத்தரத்தின் நடுப்பகுதி நூறாண்டு நிற்க, சுவருக்குள் புதைந்த அதன் முனையும் கழுவுநீர் படும் கதவு நிலையின் கால்பகுதியும் முதலில் போவதற்கு இதுவே காரணம். தேக்கும் வேம்பும் தம் வைரப்பகுதியிலுள்ள பொருள்களால் பூஞ்சையை எதிர்க்கின்றன. கோயில் தேருக்கு இலுப்பை மரத்தைத் தேர்ந்த தச்சர்களும் வெயில் மழை இரண்டையும் தாங்குவதைக் கருதியே தேர்ந்திருக்க வேண்டும்.

இங்கே கறையானையும் சேர்த்துப் பார்த்தாக வேண்டும். தமிழகச் சமவெளிகளில் மண்புற்று எழுப்பும் ஓடோன்டோடெர்மிஸ் கறையான்கள் மரத்தையும் சருகையும் தாமே முழுவதும் செரிப்பதில்லை. புற்றுக்குள் கொண்டுபோய்க் கூடுகட்டி, அதில் டெர்மிட்டோமைசிஸ் என்னும் பூஞ்சையை வளர்த்து, அது பக்குவப்படுத்தியதையே உண்கின்றன. முதல் மழைக்குப் பின் புற்றின்மேல் முளைக்கும் புற்றுக்காளான் அப்பூஞ்சையின் வெளித்தோற்றம். ஆகவே வறண்ட நாட்டில் கறையானின் கணக்கில் எழுதப்படும் மரச்சேதத்தில் ஒரு பங்கு, ஈரத்தைப் புற்றுக்குள் காப்பாற்றி வைத்திருக்கும் பூஞ்சைக்கே உரியது.

பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் போன்ற இடங்களில் திரட்டப்பட்ட சுவடிகளுக்கும் நூல்களுக்கும் பூஞ்சையால் வரும் சேதம் மெதுவானது. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நாள் கணக்கில் நின்றால் தாளிலும் ஓலையிலும் வித்துகள் முளைக்கின்றன. பூட்டிய அலமாரிக்குள் கார்த்திகை மழையின் ஈரம் மாதக்கணக்கில் தங்கிவிடுவதால் ஊர் காய்ந்த பின்னும் உள்ளே பூஞ்சை வளரும். ஓலையை வேகவைத்துக் காயப்போட்டுப் பக்குவம் செய்த பழைய முறையில், பூஞ்சைக்கு முதல் உணவாகும் சர்க்கரைப் பொருள்கள் கரைந்து வெளியேறுகின்றன. பிறகு பூசப்படும் எலுமிச்சைப்புல் எண்ணெய் ஓலைக்கு நெகிழ்வைத் தருவதோடு பூஞ்சையையும் தடுக்கிறது. தாளில் அச்சிட்ட நூலுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அட்டையை ஒட்டப் பயன்பட்ட மாவுப்பசையே பூஞ்சைக்கு விருந்து.

துணியைப் பொறுத்தவரை ஒரு செய்தி போதும். இரண்டாம் உலகப் போரில் சாலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்களை இற்றுப்போகச் செய்த பூஞ்சை தனியே பிரிக்கப்பட்டுப் பின்னர் டிரைக்கோடெர்மா ரீசி எனப் பெயரிடப்பட்டது. செல்லுலோஸைச் சிதைக்கும் நொதிக்காக இன்று தொழிற்சாலைகளில் வளர்க்கப்படுவது அதன் வழிவந்ததே. அதே பேரினத்தைச் சேர்ந்த டிரைக்கோடெர்மா விரிடி, மதுரை ஒத்தக்கடையிலுள்ள வேளாண்மைக் கல்லூரி உட்படத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையங்கள் பரிந்துரைக்கும் உயிரியல் மருந்து. கிலோ விதைக்கு 4 கிராம் வீதம் கலந்தால், மேக்ரோபோமினாவின் இழைகளைச் சுற்றி வளைத்து அவற்றின் சுவரைக் கரைத்து உண்கிறது. காய்ந்து வெடித்த மண்ணில் இதுவும் வேலை செய்யாது என்பதால் தொழுவுரத்தோடு சேர்த்து இடச் சொல்கிறார்கள்.

சுண்ணாம்புச் சுவரின் நிலையும் சொல்லத்தக்கது. திருமலை நாயக்கர் மகாலின் காலத்தில் கையாளப்பட்ட சுண்ணாம்புச் சாந்து புதிதாக இருக்கும்போது காரத்தன்மை மிகுந்தது. அதில் எந்தப் பூஞ்சையும் முளைக்காது. காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று அது கால்சியம் கார்பனேட்டாக மாறிய பின் காரம் தணிகிறது. கூரை ஒழுகி, தூசியும் வௌவால் எச்சமும் படிந்த இடத்தில் பூஞ்சை பிடித்தால் அது சுரக்கும் ஆக்சாலிக், சிட்ரிக் அமிலங்கள் சாந்தைக் கரைக்கின்றன. மேலே எனாமல் பெயிண்ட் பூசுவது கறையை மறைத்து, ஈரத்தை உள்ளே பூட்டிவைக்கும். மதுரையின் பழைய வீடுகள் பலவற்றில் செய்யப்படும் இந்தப் பழுதுபார்ப்பு பழுதைக் கூட்டுவதே.

அறுவடைக்குப் பின் எஞ்சும் கேள்வி நெல்லின் ஈரம். சேமிப்பில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மணியில் 14 விழுக்காட்டுக்கு மேல் ஈரம் இருக்கக்கூடாது. நேரடிக் கொள்முதல் நிலையங்களில் ஏற்கப்படும் வரம்பு 17. மதுரையின் இருபோகப் பகுதியில் ஆனியில் நட்ட முதல் போகம் புரட்டாசி, ஐப்பசியில் அறுவடைக்கு வருவதால், மழை முந்திக்கொண்ட ஆண்டுகளில் இயந்திரம் அறுத்த நெல் 20 விழுக்காட்டுக்கு மேல் ஈரத்தோடுதான் களத்துக்கு வருகிறது. வரம்பைத் தளர்த்தக் கோரிக்கை எழுகிறது, சில ஆண்டுகளில் தளர்த்தவும் படுகிறது. தளர்த்துவதால் உழவருக்கு அன்றைய விலை கிடைக்கிறது. மணியிலுள்ள தண்ணீர் குறைவதில்லை. ஈர நெல்லைக் குவித்தால் குவியலின் நடுவே சூடேறி, மணி பழுத்து, ஆஸ்பர்ஜில்லஸ் இனங்கள் ஓரிரு நாளில் பற்றுகின்றன. ஊர்தோறும் உலர்களமும், மழை நாளுக்கு உலர்த்தும் இயந்திரமும், நிலையத்தில் கூரையும் அமைவதற்கு ஆகும் செலவு, தார்ப்பாய்க்குள் பழுக்கும் நெல்லின் மதிப்போடு ஒப்பிட்டுக் கணக்கிடப்பட வேண்டியது.